கை போகாத இடம்

திண்டிவனம் பக்கம் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் மெக்கானிக்கோடு இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எது கிளட்ச், எது பிரேக் என்று கேட்டால், "எனக்கு இன்னாத்துக்கு அந்த வம்பு" என்பாள். பெயர் சவுரியம்மாள். வயது நாற்பத்தேழு.

இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்தது ஒரே வேலைதான். மாசிலாமணியின் வாட்டர் சர்வீசில் வண்டிகளின் அடிப்பக்கத்தைக் கழுவுவது. மேலே சோப்பு போடவும் கண்ணாடி துடைக்கவும் ஆட்கள் வருவார்கள், போவார்கள். அடிப்பக்கத்துக்கு மட்டும் எவனும் நிற்க மாட்டான். லிஃப்டில் வண்டியைத் தூக்கிவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி தண்ணீர் அடிக்க வேண்டும். சேறு, சாணி, தார், மீன் வண்டியென்றால் அந்தக் கவிச்சை, எல்லாம் முகத்தில்தான் விழும். பெரிய மீசைக்காரன்கள்கூட ரெண்டு நாள் நின்றுவிட்டு மூன்றாம் நாள் காய்ச்சல் என்று ஓடிப்போனார்கள். சவுரியம்மாள் நின்றாள். தலையில் யூரியாப் பை, நைட்டிக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை, கையில் சந்துபொந்தெல்லாம் நோண்டுவதற்கு ஒரு ஈர்க்குச்சி.

வண்டியின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அடையாளம் தெரியாது. அடியைக் காட்டினால் போதும், "இது கூட்டேரிப்பட்டு பால்காரரு வண்டி, ஆடியில சைலன்சரு ஒட்டவச்சாரே" என்பாள். இந்த அறிவுக்காக எவனும் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

வீட்டுக்காரர் அந்தோணிசாமி டிரைவர். கரண்ட் கம்பம் நடுகிற கான்ட்ராக்டர் ஒருவரிடம் இருபத்தாறு வருஷம் ஜீப் ஓட்டினார். மழைக்காலத்தில் கம்பம் எங்கே சாய்கிறதோ அங்கே ரோடு இருக்காது. உழுத வயல், வாய்க்கால், வழுக்குகிற ஏரிக்கரை, எல்லாவற்றிலும் கம்பியையும் ஆட்களையும் ஏற்றிப்போக வேண்டும். அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் சரிப்படும். கான்ட்ராக்டர் போன வருஷம் காலமாகிவிட்டார். மகன் ராஜ்குமார் தொழிலை எடுத்ததும் முதல் வேலையாக ஜீப்பை விற்றான்.

"அண்ணே, இனிமே நான் வண்டி வச்சுக்கிறதா இல்ல. நீங்களே ஒரு ஃபோர் வீல் ஜீப்பு வாங்கிட்டு வாங்க. மாச வாடகைக்கு உங்களையே வச்சுக்கிறேன். ஆனா ஏப்ரல் ஒண்ணாந்தேதி வண்டி நிக்கணும். இல்லன்னா செஞ்சியில ஒருத்தர் ரெடியா இருக்கிறாரு" என்றான்.

அந்தோணிசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்தமாக ஒரு சைக்கிளுக்கு மேல் வைத்திருந்ததில்லை. இந்த வயதுக்கு மேல் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்? ஏப்ரலுக்குள் ஜீப் கிடைத்தால் முதலாளி, கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நர்ஸ் வேலைக்குப் போன மகள் அஸ்வினி சேர்த்து வைத்ததைக் கொடுத்தாள். மிச்சத்துக்கு சவுரியம்மாள் மகளிர் குழுவில் சொல்லி வைத்தாள். மனிதர் ஒரு மாதமாக ஊர் ஊராக ஜீப் பார்த்துக்கொண்டு அலைந்தார்.

கடைசியில் விழுப்புரத்தில் திருமுருகன் என்ற வியாபாரியிடம் ஒன்று அமைந்தது. பன்னிரண்டு வருஷத்து ஜீப். கரும்பச்சைப் பெயின்ட், புது சீட்டு, புது ஃப்ளோர் மேட். கூடப்போன மெக்கானிக் தேவசகாயம் லேசுப்பட்ட ஆளில்லை. முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தால் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்து ஏமாற்றுகிறான் என்று அர்த்தம். சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினார், ஒரே முறையில் பிடித்தது. சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தார், கரி ஒட்டவில்லை. காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஒட்டிப் பார்த்தார், ஒடுக்கை மறைக்கப் பட்டி வைத்த இடமே இல்லை. வற்றிய ஏரிக்குள் ஓட்டிப்போய், மண்ணில் பின்சக்கரத்தைப் புதைய விட்டு, சின்ன கியர் லீவரைத் தள்ளினார். முன்சக்கரம் ரெண்டும் கவ்விக்கொண்டு, வண்டி உறுமிக்கொண்டு கரையேறிவிட்டது.

"ஆயில் மட்டும் ரொம்பப் புதுசா இருக்குதே?" என்று தேவசகாயம் கேட்டார்.

"பார்ட்டிக்குக் குடுக்கறப்போ பழைய ஆயிலோட குடுத்தா நம்ம பேரு இன்னா ஆவறது?" என்றான் திருமுருகன்.

நியாயம்தானே. தேவசகாயம் தலையை ஆட்டினார். அடியிலும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. "அந்தோணி, கண்ணை மூடிக்கினு வாங்கு. இப்பிடி அடிப்பக்கம் வச்சிருக்கிற வண்டிய நான் பாத்ததே இல்ல" என்றார். அங்கேதான் அவர் கோட்டை விட்டார். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மீதியைக் கொடுத்துவிட்டு ஆர்சி புத்தகம் வாங்குவது மட்டும் பாக்கி.

அதற்கு முன்னால் அந்தோணிசாமிக்கு ஒரு ஆசை. அவர்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும், ஒரு குக்கராக இருந்தாலும், முதலில் சவுரியம்மாள் கையால் கழுவி, அப்புறம் கோயிலில் சாமியாரிடம் மந்திரித்துத்தான் புழங்குவார்கள். ஆகவே ஓட்டிப் பார்க்கிற சாக்கில் ஜீப்பை நேராகத் திண்டிவனம் வாட்டர் சர்வீசுக்கே கொண்டுவந்து விட்டார். சாவியைத் தனியாகக் கொடுக்காத திருமுருகனும் பக்கத்து சீட்டில் வந்தான். "நம்ம மாசிலாமணி சர்வீஸா? தெரிஞ்ச எடம்தான்" என்றான். அந்த இடத்தில் அடிப்பக்கம் கழுவுகிறவளுக்கு ஒரு முகம் உண்டு, ஒரு புருஷன் உண்டு என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

சவுரியம்மாள் ஒரு டாடா ஏஸை முடித்துவிட்டுத் திரும்பினால், கரும்பச்சை ஜீப்பிலிருந்து அந்தோணிசாமி இறங்கிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அவள் எடுத்துக் கொடுத்த சந்தனக் கலர் சட்டை. அன்றைக்கு ஒருநாள் போட்டுவிட்டு பீரோவில் மடித்து வைத்திருந்ததை இன்று எடுத்துப் போட்டிருந்தார்.

"சவுரி, இன்னா பாத்துக்கினே நிக்கிற? நம்ம வண்டி! உன் கையால தண்ணி வுடு."

அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "அய்ய, சொல்லவே இல்ல! இப்பிடியா திடுதிப்புனு வந்து நிப்பாங்க!" மறுபக்கம் இறங்கியவன் யாரென்றுகூடப் பார்க்காமல், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் இத்தனை வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை, அது சத்தியம். மாசிலாமணியும் கல்லாவை விட்டு எழுந்து வந்து திருமுருகனுக்கு டீ சொன்னார்.

லிஃப்ட் மேலே போயிற்று. சவுரியம்மாள் யூரியாப் பையை இழுத்துவிட்டுக்கொண்டு அடியில் நுழைந்தாள். தண்ணீரை ஒரு வீச்சு அடித்தாள். அடித்ததும் நிறுத்திவிட்டாள்.

பன்னிரண்டு வருஷத்து வண்டி. அடியில் ஒரு பொட்டு பழைய அழுக்கு இல்லை. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலே இல்லை, நட்டுகளின் முதுகிலே இல்லை, ஒயர் ஒளிந்துபோகிற மூலையிலேகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே சீராக டீசல் அடித்த மினுமினுப்பு. இப்படிக் கழுவுகிற ஆள் திண்டிவனத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

கண் தானாகவே நடுவில் போயிற்று. வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டமான சேஸின் ரெண்டு கம்பத்தையும் இணைத்துக் குறுக்கே போகிற பெட்டி மாதிரியான இரும்பு. அதில் ரெண்டு விரல் மட்டும் நுழைகிற ஓட்டை. ஓட்டைக்குள்ளே பச்சையாக ஒரு நுனி.

கார்த்திகையில் புயல் மழை அடித்துப் பெண்ணையாறு ஊருக்குள் புகுந்து போன மறு வாரம் நடந்தது அது. திருமுருகன் ஐந்து வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்பினான். விழுப்புரத்தில் சர்வீசே இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அங்கே கழுவினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அதனால்தான் இங்கே. எல்லாம் கழுத்தளவு முழுகி எழுந்தவை. அதில் சாம்பல் கலர் ஜீப் ஒன்று. அடியில ஒரு பொட்டு சேறு இருக்கக் கூடாது என்று சொல்லி அவள் கையில் தனியாக ஐந்நூறு கொடுத்தான். அவளும் ரோஷத்தோடு கழுவினாள். அந்தக் குறுக்குப் பெட்டி மட்டும் அவளைப் படாதபாடு படுத்தியது. கை போகவில்லை, ஈர்க்குச்சிக்கு எட்டவில்லை. தண்ணீர் விட விட உள்ளேயிருந்து காபி மாதிரி வடிந்துகொண்டே இருந்தது. டீசல் அடித்த இடத்திலெல்லாம் சொட்டிப் பாழாக்கியது. வெறுத்துப்போய், கரித்துணியாக வைத்திருந்த தன் பழைய பச்சை நைட்டியில் ஒரு துண்டைக் கிழித்து ஓட்டையில் திணித்தாள். சொட்டு நின்றது. வேலை முடிந்தது.

விற்கத்தான் கழுவுகிறார்கள் என்று தெரியாதா என்றால், தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய். யாரோ வாங்கப் போகிறார்கள், நமக்கென்ன என்று இருந்தாள். அந்த யாரோ இப்போது சந்தனக் கலர் சட்டை போட்டுக்கொண்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா? அதற்குள் பணம் கைமாறிவிடும். இங்கே சொன்னால் வேலை போய்விடும். மாதம் பத்து வண்டி அனுப்புகிற பார்ட்டியை மாசிலாமணி விட்டுக்கொடுப்பாரா, அவளை அனுப்பிவிடுவாரா? சொல்லாவிட்டால், முழுகிய வண்டி நாலு மாதம் நன்றாக ஓடும். அப்புறம் ஒயர் ஒவ்வொன்றாக அரித்து, பேரிங் சத்தம் போட்டு, எங்கோ ஒரு ஏரிக்குள் நடு மழையில் நின்றுவிடும். குழுக் கடன் மட்டும் நிற்காமல் ஓடும். அதைவிட, அந்த மனுஷன் முகத்திலிருக்கிற வெளிச்சத்தை அணைக்க வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு மனசே வரவில்லை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்றாள்.

"இன்னா, எப்பிடி? அடி கண்ணாடி மாதிரி இருக்குதில்ல?"

"இந்த வண்டி வேணாங்க. இது வெள்ளத்துல முழுகுனது."

டீ கிளாஸோடு நின்ற திருமுருகன் சிரித்தான். "இன்னாம்மா, தண்ணி அடிக்கிற வேலைய வுட்டுட்டு மெக்கானிக்கு வேலையும் பாக்கறியா? தேவசகாயம் அக்குவேறு ஆணிவேறா பாத்து ஓகே சொல்லிட்டாரு."

"அவரு பாத்தது வண்டிய இல்லங்க. நான் கழுவுனதைப் பாத்துட்டுப் போயிருக்கிறாரு."

"சவுரியம்மா!" என்று மாசிலாமணி அதட்டினார். "வேலையப் பாரு. பேஜாரு பண்ணாத."

அந்தோணிசாமிக்குத்தான் எல்லாரையும்விடக் கோபம் வந்தது. அவர் திருமுருகன் மேல் பாயவில்லை, அவள் மேல் பாய்ந்தார். "ஒரு நல்ல காரியம் ஆவறப்போ உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? நாலு பேர் எதுர்ல இன்னா பேச்சு இது? இருபத்தாறு வருஷம் ஜீப்பு ஓட்டுன எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கவில்லை. முகமே ஈரமாகத்தான் இருந்தது, யாருக்குத் தெரியப் போகிறது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அந்தக் குறுக்கு இரும்புல ஒரு ஓட்டை இருக்குது, பச்சையா தெரியுதில்ல? அதை மட்டும் புடிச்சு இழுங்க. அப்புறம் வாங்கறதுன்னா வாங்குங்க."

அந்தோணிசாமி முறைத்தார். முறைத்தபடியே சந்தனக் கலர் சட்டையோடு ஜீப்புக்கு அடியில் போய் நின்று, கையைத் தூக்கி, விரலை விட்டு இழுத்தார். துணி வந்தது. கூடவே ஆற்று வண்டல், சலித்த மாவு மாதிரி, பொலபொலவென்று அவர் நெஞ்சில் கொட்டியது. மேலேயிருந்து சொட்டிய தண்ணீரில் குழைந்து சட்டையில் பரவியது. கடைசியாக ஒரு குட்டி நத்தைக்கூடு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"மண்ணு ரோட்டுல ஓடுற வண்டிங்க, மண்ணு இருக்கத்தான் செய்யும்" என்றான் திருமுருகன்.

"ரோட்டுல போற நத்தை சேஸுக்குள்ள ஏறுமா சார்?" என்று அந்தோணிசாமி கேட்டார். குரல் ஓங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

அந்தோணிசாமி துணியை விரித்தார். பச்சையில் மஞ்சள் பூ. வேளாங்கண்ணித் திருவிழாவில் ரெண்டு கடை பேரம் பேசி அவரே வாங்கிக் கொடுத்த நைட்டி.

"இது எப்பிடி இதுக்குள்ள?"

"நான்தான் அடைச்சேன். கார்த்திகையில. அஞ்சு வண்டி வந்துச்சு, அதுல ஒண்ணு. அப்போ இது வேற கலரு."

"எவ்ளோ குடுத்தான்?"

"ஐந்நூறு."

"அத்த இன்னா பண்ண?"

சவுரியம்மாள் அவர் சட்டையைப் பார்த்தாள். அந்தோணிசாமியும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

அப்புறம் நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று திருமுருகன் இழுத்தடித்தான். தேவசகாயம் மானம் போன கடுப்பில், அவன் கடையில் வண்டி பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் நத்தைக்கூட்டைக் காட்டிக் காட்டிச் சத்தம் போட்டு, பணத்தை வாங்கி வந்தார். மாசிலாமணி அன்று சாயங்காலமே சவுரியம்மாளிடம், "நாளையிலர்ந்து வர வேணாம்" என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. அவள் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அந்தோணிசாமி நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், எழுந்து போனார். சட்டையை சோடாவில் ஊறவைக்க எடுத்தாள், பிடுங்கிக்கொண்டார். "அது கெடக்கட்டும்" என்றார். அவர் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. ஐந்தாம் நாள் காலையில் கேப்பைக்கூழைக் கரைத்து வைத்தபோது அவராகவே கேட்டார்.

"அஞ்சு வண்டின்னு சொன்னியே. மிச்சம் நாலும் எங்க போச்சு?"

"யாருக்குத் தெரியும்."

"எவனாவது என்ன மாதிரி ஒருத்தன்தான் வாங்கியிருப்பான்" என்றார்.

அந்த நாலு வண்டியும் சவுரியம்மாளின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டன. பத்தாம் நாள் மாசிலாமணி தானே வீடு தேடி வந்தார். புதிதாகப் போட்ட ஆள் அடிப்பக்கத்தை ஈரம் மட்டும் பண்ணிவிட்டு விட்டுவிடுகிறானாம், லாரிக்காரர்கள் திட்டுகிறார்களாம். "வர்றேன் மொதலாளி. ஆனா தெரிஞ்ச வண்டி வந்தா நான் சொல்லிடுவேன்" என்றாள். சரி என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிழைப்பு நடக்க வேண்டுமே.

சொன்னபடியே செய்தாள். மறு வாரமே பிரம்மதேசத்து விவசாயி நடராசன் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். லிஃப்ட் ஏறியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஐயா, இது முழுகுன வண்டிங்க, நான்தான் கழுவுனேன், ஒயரெல்லாம் ஒருவாட்டி பிரிச்சுப் பாத்துடுங்க" என்றாள். அவர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் சேறு இருந்ததாம். அவரிடமிருந்துதான் சவுரியம்மாளின் பேர் வெளியே பரவ ஆரம்பித்தது.

ஏப்ரலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டில் ஜீப் விலைக்கு இருப்பதாகத் தேவசகாயம் சொன்னார். பார்க்கச் சகிக்கவில்லை. மேல்துணி கிழிந்து கட்டுக்கம்பியால் தைத்திருந்தது. கதவு ஒன்று சாத்தினால் திறக்காது. தேவசகாயம் பானெட்டைத் தொட்டார், கரையேற்றிப் பார்த்தார், எல்லாம் சரிதான் என்றார். சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

சவுரியம்மாள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் மண் தரையிலேயே மல்லாந்து படுத்து, டார்ச்சோடு அடியில் நகர்ந்து போனாள்.

"யாருங்க அந்தம்மா? மண்ணுல படுத்துக்கினு" என்று வீட்டுக்காரப் பெரியவர் பதறினார்.

"என் வூட்டுக்காரிங்க. அவ பாத்தாதான் நான் பாத்த மாதிரி" என்றார் அந்தோணிசாமி.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சந்தனக் கலர் சட்டை, நெஞ்சு முழுக்கக் காவிக் கறை. "சட்டையில இன்னாங்க, சேறா?"

"ஆமாங்க. வண்டி பாக்கப் போறப்போ போட்டுக்கிற சட்டை."

கால் மணி நேரம் கழித்து சவுரியம்மாள் வெளியே வந்தாள். முடியெல்லாம் துரு, மூக்கில் கிரீஸ். விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தாள்.

"ஒரு லோடு அழுக்கு இருக்குதுங்க" என்றாள். "சாணி, களிமண்ணு, அச்சுல ரெண்டு எடத்துல துரு. எல்லாம் அதுவா சேந்த அழுக்கு. எவ கையும் படல. வாங்கலாம்."